வேகமான காருக்கு சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது?

போலோ ஜிடி, ஐ20 என் லைன் மாதிரி துடிப்பான கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைத்தான். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு போட வேண்டிய வரிசை வேறு.

படி 1: இருப்பதைச் சரிபாருங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டு) வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலூர் சத்துவாச்சாரி உள்தெருக்களின் வேகத்தடையில் முன்பக்கம் ‘கட கட’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு என்ற சிறு இணைப்புக் கம்பி போயிருக்கும். பழைய வண்டிக்குப் புது புஷ் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள்.

படி 2: டயர். என்னைக் கேட்டால் மொத்த பட்ஜெட்டில் பெரும்பங்கு இதற்குத்தான். எவ்வளவு விலை கொடுத்து சஸ்பென்ஷன் போட்டாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தான். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் தயாரானது. கடையில் தூசி படிந்து கிடந்த பழைய சரக்கை வாங்காதீர்கள். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். வேலூர் மே மாத வெயிலில் பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டு அளந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

படி 3: அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோடு மிஷின் தரும் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 4: இப்போது ஷாக்கும் ஸ்பிரிங்கும், இரண்டையும் ஜோடியாக. இறுக்கமான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போட்டால் அதை அடக்க ஷாக்கால் முடியாது. வண்டி குதித்துக்கொண்டே போகும். தாழ்த்துவதும் 20 மில்லிமீட்டர் அளவோடு போதும். அதிகமாகத் தாழ்த்தினால் ஷாக் அசைய இடமில்லாமல் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக்கின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் முட்டு) போய் இடிக்கும்; வளைவில் பிடிப்பு குறையும். வேகத்தடையில் அடி தட்டுவது தனிக்கதை.

படி 5: திருப்பத்தில் முன்பக்கம் வெளியே இழுக்கிறதா? முன்சக்கர இயக்கக் காரில் பின்பக்க ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) அதைக் குறைக்கும். ஆனால் மழையில், வளைவின் நடுவே சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கலாம். புதிதாக ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போடலாம். காயிலோவர் (உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்), டிராக்கில் ஓட்டாதவருக்குத் தேவையே இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இதற்குத் தோது. வேகம் காட்ட அல்ல, ஸ்டியரிங் என்ன சொல்கிறது என்று கேட்க. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் வாங்கும் முன்பே இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.