கூகையைப் படிக்க ஒரு கையுறையும் பழைய செய்தித்தாளும் போதும்

மலேசியாவில் பஹாவ் மாதிரி செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊர்களில் வேட்டைப் பறவைகளைத் தேடி எங்கும் போக வேண்டாம். இந்தப் பறவைகளைப் படிக்கப் புதிதாகச் சேரும் தொண்டர்கள் முதலில் கேட்பது “என்ன பைனாகுலர் வாங்கலாம்?” என்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கூகை ஆந்தையிடம் தொடங்குங்கள். என்ன தின்றது என்பதை அதுவே கக்கி வைத்துவிட்டுப் போகும்.

1. இடம் பிடியுங்கள்

எலியை ஒழிக்கவே தோட்டங்களில் கம்பத்தின் மேல் கூகைப் பெட்டி வைக்கிறார்கள், ஏறத்தாழ 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று. ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு பகலில் போங்கள். இல்லாவிட்டால் பழக்குலை திருட வந்தவர் என்றுதான் காவல்காரர் நினைப்பார். டவுனில் என்றால் பூட்டிக் கிடக்கும் கடைவீட்டு மாடி, பழைய ஆலைக் கூரை. சுவரில் வெள்ளையாய் எச்சம் வழிந்திருக்கும், இரவில் கிரீச்சென்று அலறல் கேட்கும். ஏணி போட்டு எட்டிப் பார்க்காதீர்கள். அடைகாக்கும் கூகை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

2. பொறுக்குங்கள்

கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியும் எலும்பும் கட்டை விரல் பருமனுக்கு உருண்டையாக வெளியே வரும். புதியது கறுத்துப் பளபளக்கும். பழையது சாம்பல் நிறத்தில் உதிரும். கையுறை கட்டாயம். செம்பனை அடியில் பாம்பு இருக்கும், பூட்ஸ் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலுமினியத் தாளில் சுற்றி, சமையலுக்குப் பயன்படாத பழைய அவனில் 160 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். கிருமி சாகும். நல்ல அவனைத் தொட்டால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

3. பிரியுங்கள்

செய்தித்தாள் விரித்து, ஊசியாலும் இடுக்கியாலும் முடியை மெல்லப் பிரியுங்கள். அவசரப்பட்டால் மண்டை ஓடு நொறுங்கும். ஆரஞ்சு மஞ்சளில் வளைந்த முன்பல், அதன் பின்னே வெற்று இடைவெளி, அப்புறம் கடைவாய்ப் பல் என்றிருந்தால் எலி. இடைவெளியில்லாமல் வெள்ளைக் கூர்பற்களாக இருந்தால் மூஞ்சூறு. ஓடு உடைந்திருந்தால் இடது கீழ்த்தாடைகளை மட்டும் எண்ணுங்கள். ஒரே எலியை இருமுறை எண்ண மாட்டீர்கள். பருந்து கக்கியதில் இவ்வளவு எலும்பு கிடைக்காது, அதன் வயிற்று அமிலம் கடுமையானது. கற்றுக்கொள்ளக் கூகைதான் தோது.

4. எழுதி வையுங்கள்

தேதி, இடம், எத்தனை எலி. அவ்வளவுதான். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

பழகிய பிறகு பைனாகுலர் வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போனால், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைப் பார்க்கலாம்.

5. காப்பாற்றுங்கள்

கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்; அதே கோபுரத்தில் கூகை உட்கார்ந்தால் அபசகுனம் என்று கல்லெடுக்கிறோம். கல்லைவிட மோசம் எலி மருந்து. புரோடிபாகும் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும், விஷமும் அதற்குள் போகும். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வீடாகப் பேசி, மருந்துக்குப் பதில் எலிப்பொறி வைக்கச் சொல்லுங்கள்.

சோர்ந்து தரையில் கிடக்கும் கூகையைக் கண்டால் துண்டால் மூடித் தூக்கி, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நகம் ஆழமாய்க் கிழிக்கும், கால் பக்கம் கவனம். வீட்டிலேயே வைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம்.