இளம் கால்பந்து வீரர்கள் சறுக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் காணொளி கிடைத்தால், பாரிஸ் செயின்ட் ஜெர்மன் அடித்த ஐந்து கோல்களை விட்டுவிட்டு, இன்டர் மிலான் கோல்காப்பாளர் சோமர் பந்தை உதைக்கத் தயாராகும் நேரங்களைப் பாருங்கள். பெனால்டி பகுதியின் விளிம்பில் பாரிஸ் வீரர் உஸ்மான் டெம்பெலே முதுகை வளைத்து, ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவர்போல நிற்பார். பந்து அசைந்ததும் பாய்வார். அன்று அவர் கோல் எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் அவர் தற்காத்து ஆடிய விதத்துக்காகவே உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதைக் கொடுக்கலாம் என்றார் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே. செப்டம்பரில் விருது கிடைத்தது.

இதே டெம்பெலேயை, 2024 அக்டோபர் 1 அன்று ஆர்சனலுடன் நடந்த ஆட்டத்துக்கு லண்டனுக்கு அழைத்துப் போகாமல் விட்டவரும் என்ரிகேதான். அணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவர் ஆடத் தயாராக இல்லை என்று காரணம் சொன்னார். பாரிஸ் 0-2 என்று தோற்றது. அதற்கும் முந்தைய கதை இன்னும் நீளமானது. 2017இல் 20 வயதில் 10.5 கோடி யூரோவுக்கு பார்சிலோனா போனவர், காயத்திலும் ஒழுங்கின்மையிலும் நிறையக் காலத்தைக் கழித்தார். அந்த ஆண்டுகளை வீணடித்துவிட்டதாகப் பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொன்னார். 28 வயதில் உலகின் சிறந்த வீரரானவருக்கு 21 வயதிலும் அதே கால்கள்தான் இருந்தன.

ஐரோப்பாவில் ஒன்பது வயதில் ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் சேரும் பையனுக்குச் சாப்பாடு, சீருடை, பயணம் என எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கவனித்துக்கொள்கிறார். முதல் அணிக்கு வந்துவிட்டால், வீரர்களின் சொந்த வேலைகளுக்கென்றே ஓர் அலுவலர் இருப்பார். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு திறப்பது, கார் காப்பீடு, அம்மாவின் விசா எல்லாம் அவர் தலையில். ஆயிரக்கணக்கான பவுண்டு வாரச் சம்பளம் வாங்கும் 19 வயது இளைஞன், ஒரு மின்கட்டணத்தைக்கூடத் தானாகக் கட்டியிருக்க மாட்டான். பணம் வந்ததும் தலைகால் புரியவில்லை என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ பணத்தைவிட இந்தச் சொகுசுதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது என்று படுகிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை, தான் செய்ய வேண்டியதை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் பிறந்தவை.

தாமதத்தைச் சின்ன விஷயமாக எண்ணுவது

2018 நவம்பரில் ஒரு நாள் டெம்பெலே பயிற்சிக்கு வரவில்லை. தகவலும் இல்லை. கிளப் தொலைபேசியில் தேடியும் உடனே ஆளைப் பிடிக்க முடியவில்லை. பிறகுதான் வயிற்றுக் கோளாறு என்று தெரிந்தது. நோய் யாருக்கும் வரும். காலையில் எழுந்ததும் அணி மருத்துவருக்கு ஒரு அழைப்பு விடுத்திருந்தால் அது செய்தியே ஆகியிருக்காது. அழைக்காததால் அடுத்த ஆட்டத்துக்கான அணியில் பெயர் இல்லை, நாளிதழ்களில் முதல் பக்கம் முழுக்க அவர் பெயர்.

பயிற்சியாளர்கள் இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று ரசிகர்கள் கேட்பதுண்டு. 25 பேர் சேர்ந்து செய்யும் பயிற்சியில் ஒருவர் இல்லையென்றால் திட்டமிட்ட அமைப்பே கலையும். மற்றவர்கள் வெயிலிலோ குளிரிலோ நிற்க வேண்டும். ஆடுகளத்திலும் அப்படித்தான். முன்கள வீரர் அரை நொடி தாமதமாக அழுத்தம் கொடுத்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் பத்துப் பேரும் வீணாக ஓடியவர்கள் ஆவார்கள். அபராதத்துக்கு இவர்கள் அஞ்சுவதில்லை. சம்பளத்தில் அது தூசு. சக வீரர்களின் பொறுமை தீர்ந்துபோவதுதான் பெரிய நஷ்டம். அது எந்தக் கணக்கிலும் தெரியாது.

இதற்கு நேரெதிர் உதாரணம் ஜேம்ஸ் மில்னர். 2002இல் 16 வயதில் லீட்ஸ் அணிக்காக பிரீமியர் லீக்கில் இறங்கினார். மது தொடாதவர் என்பதைச் சக வீரர்கள் பல ஆண்டுகள் கேலி செய்தார்கள். 2025 ஆகஸ்டில் 39 வயதில் பிரைட்டனுக்காக மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகப் பெனால்டியில் கோல் அடித்தார்.

பந்தயமும் வீட்டில் உதிரும் ஒரு வார்த்தையும்

இளம் வீரர்கள் மிக எளிதாக விழும் குழி இது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதி 2014 ஆகஸ்ட் 1 முதல் தெளிவாக இருக்கிறது: பிரீமியர் லீக் முதல் கீழ்மட்டத் தொடர்கள் பலவற்றிலும் இருப்பவர்கள், உலகின் எந்த மூலையில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது. தன் ஆட்டமா, பிரேசிலில் நடக்கும் ஆட்டமா என்ற வேறுபாடு கிடையாது. யார் எந்தக் கிளப்புக்குப் போகிறார், எந்தப் பயிற்சியாளர் வரப்போகிறார் என்பதன் மீதும் கூடாது.

தன் அணி ஜெயிக்கும் என்று கட்டினால் என்ன தவறு என்பதுதான் வழக்கமான சாக்கு. பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி 232 விதிமீறல்களை ஒப்புக்கொண்டு 2023 மே மாதம் எட்டு மாதத் தடை வாங்கினார். அவை 2017இல் தொடங்கியவை; அப்போது அவர் இருபதைத் தாண்டியிருந்த ஓர் இளைஞர், கீழ்நிலைத் தொடர்களில் இரவல் ஆட்டக்காரர் (தன் கிளப் வேறொரு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கொடுத்தவர்). ஐந்தாறு ஆண்டு கழித்து, இங்கிலாந்து அணியின் கதவைத் தட்டும் நேரத்தில், பழைய பாக்கி வட்டியோடு வந்தது. அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருந்ததை விசாரணைக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவர் விளையாடிய சட்டையின் நெஞ்சில் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிளப்கள் வாங்கும் காசைப் பார்த்துவிட்டு, பையன்களுக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. சட்டையின் முன்பக்கத்தில் அத்தகைய விளம்பரங்களை 2025-26 பருவத்தோடு நிறுத்திக்கொள்ள பிரீமியர் லீக் கிளப்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

பணமே கட்டாமலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2018 ஜனவரியில் லிவர்பூல் வீரர் டேனியல் ஸ்டரிஜ், தான் ஸ்பெயினின் செவில்லா கிளப்புக்குப் போகக்கூடும் என்ற செய்தியை வைத்துப் பந்தயம் கட்டும்படி தன் சகோதரரிடம் சொன்னார் என்பது அவர் மீதான தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை நான்கு மாதத் தடையாக உயர்ந்தது. ஸ்டரிஜ் அப்போது அனுபவசாலி. 18 வயதுப் பையனின் வீட்டிலோ சாப்பாட்டு மேசையில் மாமாவும் பள்ளித் தோழனும் உட்கார்ந்து, சனிக்கிழமை இறங்குகிறாயா, கால் வலி சரியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அணி அறிவிக்கும் வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. மாமாவுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

ஏற்கெனவே விழுந்துவிட்டவர்கள் பார்க்க வேண்டியது சாண்ட்ரோ டோனாலியை. ஏசி மிலானிலிருந்து நியூகாஸிலுக்கு வந்த சில மாதங்களில், 2023 அக்டோபரில், இத்தாலியில் இருந்தபோது பந்தயம் கட்டியதற்காக 23 வயதில் அவருக்குப் பத்து மாதத் தடை. இங்கிலாந்து வந்த பிறகும் பந்தயம் கட்டியதை அவரே முன்வந்து சொன்னார். அதை மதித்து, இங்கிலாந்துச் சங்கம் விதித்த இரண்டு மாதத் தடையை நிறுத்திவைத்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, 2024 ஆகஸ்டில் திரும்பினார். 2025 மார்ச்சில் லிவர்பூலை வென்று லீக் கோப்பையைத் தூக்கிய நியூகாஸில் அணியில் அவரும் இருந்தார். மறைத்திருந்தால் இன்னொரு முறை அகப்பட்டிருப்பார்.

கோபத்தில் தொலைபேசியைக் கையில் எடுப்பது

2023 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ஜேடன் சான்சோவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டபோது, பயிற்சியில் அவர் காட்டிய தரம் போதவில்லை என்றார் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் டென் ஹாக். அன்றே சான்சோ சமூக ஊடகத்தில் அது பொய் என்றும், தன்னை நெடுநாளாகப் பலிகடா ஆக்குகிறார்கள் என்றும் எழுதினார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். முதல் அணியோடு பயிற்சி செய்யவும் சாப்பிடவும் தடை வந்தது. ஜனவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்கு இரவலாகப் போகும்வரை நான்கு மாதம் ஆட்டமே இல்லை.

பயிற்சியாளர் ஒரு வீரரைப் பொதுவெளியில் குறை சொன்னது சரியா? எனக்கு அதில் உடன்பாடில்லை. சான்சோவின் ஆற்றாமை நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சைப் பேச வேண்டிய இடம் பயிற்சியாளரின் அறை. அங்கே கத்தியிருந்தால்கூட மறுநாள் பேசித் தீர்த்திருக்கலாம். கோடிக்கணக்கானோர் படித்த பிறகு, இரண்டு பேரில் யார் இறங்கி வந்தாலும் அது தோல்வியாகிவிடுகிறது.

பார்சிலோனாவின் லமீன் யாமல் கதை இதைவிட இலகுவானது. 2025 அக்டோபரில், 18 வயதில், ஒரு நேரலை நிகழ்ச்சியில் ரியல் மாட்ரிட் திருடுகிறது, புலம்புகிறது என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். சில நாளில் மாட்ரிட் 2-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் அவரிடம் வந்து, வாயாடுகிறாய் என்று கைஜாடை காட்டியவர் மாட்ரிட் வீரர் கார்வஹால். 2024இல் இருவரும் ஸ்பெயினுக்காகச் சேர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றவர்கள்.

படிக்காமல் கையெழுத்திடுவது

2016இல் லிவர்பூல், முதலாண்டுத் தொழில்முறை வீரர்களின் அடிப்படைச் சம்பளத்தை ஆண்டுக்கு 40,000 பவுண்டோடு நிறுத்த முடிவுசெய்தது. சிறு வயதில் பெருந்தொகை வந்தால் பசி போய்விடும் என்ற கவலை. நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவும் வேறொருவர் போட்ட கடிவாளமே. பணத்தைக் கையாளத் தெரிந்துகொள்வதற்கு அது ஈடாகாது.

1990களிலும் 2000களிலும் இங்கிலாந்து வீரர்கள் பலர் ஆலோசகர்களின் பேச்சை நம்பித் திரைப்பட முதலீட்டுத் திட்டங்களில் பணம் போட்டார்கள். வரிச்சலுகை கிடைக்கும் என்றார்கள். ஆண்டுகள் கழித்து அரசு அந்தச் சலுகையை மறுத்து, பாக்கி வரியை வீரர்களிடமே கேட்டது. ஆலோசகர் தன் கட்டணத்தை என்றோ வாங்கிக்கொண்டு போயிருப்பார். இங்கிலாந்துக்காக 53 ஆட்டங்கள் ஆடிய கோல்காப்பாளர் டேவிட் ஜேம்ஸ் 2014இல் திவாலானார். அவர் பாதுகாத்து வைத்திருந்த விளையாட்டு நினைவுப் பொருட்கள் ஏலத்துக்குப் போயின.

ஏஜென்ட், கணக்காளர், முதலீட்டு ஆலோசகர் மூவரும் ஒருவரே என்றாலோ, மூவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தாலோ, எழுந்து வந்துவிட வேண்டும். அப்பாவோ அண்ணனோ ஏஜென்டாக இருந்தாலும் ஒப்பந்தத்தை வெளி வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையை வீரர் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

மன்னிப்பை அறிக்கையோடு முடித்துக்கொள்வது

2020 செப்டம்பரில் பில் ஃபோடன் இங்கிலாந்துக்காக முதன்முதலாக ஆடியது ஐஸ்லாந்தில். அந்தப் பயணத்திலேயே, சக வீரர் ஒருவருடன் சேர்ந்து கொரோனா தனிமை விதியை மீறியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வயது 20. மன்னிப்பு அறிக்கை வந்தது; எல்லோருக்கும் வருகிறது, பெரும்பாலும் வேறொருவர் எழுதித் தருவது. அக்டோபர் ஆட்டங்களுக்கு அவரைச் சேர்க்கவில்லை. புலம்பாமல் கிளப் ஆட்டத்தைக் கவனித்தார். நவம்பரில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட் திரும்ப அழைத்தார். வெம்பிளியில் அதே ஐஸ்லாந்துக்கு எதிராக இரண்டு கோல். 2024இல் சக வீரர்களின் வாக்கில் ஆண்டின் சிறந்த வீரர்.

வலியை மறைப்பதை முதிர்ச்சி என்று நினைப்பது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டு, வாயை மூடிக்கொண்டு உழைப்பதுதான் பொறுப்பு என்று ஒரு பையன் புரிந்துகொண்டால் அதுவும் ஆபத்து. டெலே அலி 2016, 2017 என அடுத்தடுத்து இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரர் விருதை வாங்கியவர். 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகக் கோல் அடித்தவர். அதன்பிறகு ஆட்டம் சரிந்தபோது சோம்பேறி, கவனமில்லாதவர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2023 ஜூலையில், 27 வயதில், முன்னாள் வீரர் கேரி நெவிலுக்குக் கொடுத்த பேட்டியில் சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றியும் தூக்க மாத்திரைக்கு அடிமையானதைப் பற்றியும் சொன்னார். அமெரிக்காவில் ஆறு வாரம் மறுவாழ்வு மையத்தில் இருந்தது தானே எடுத்த முடிவு என்றார். கால்பந்து உலகில் தூக்க மாத்திரைப் பழக்கம் பலர் நினைப்பதைவிடப் பரவலானது என்றும் எச்சரித்தார்.

இரவு ஆட்டம் முடிந்து உடல் சூடு தணியாமல் விழித்துக் கிடக்கும் வீரருக்கு ஒரு மாத்திரை கொடுப்பது எளிது. யார் கொடுத்தார், எதற்கு, எத்தனை நாளுக்கு என்ற மூன்று கேள்விகளை அணி மருத்துவரிடமும் கேட்கத் தயங்கக் கூடாது. மருத்துவர் அல்லாத யாரிடமிருந்தும் வாங்கவே கூடாது.

படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது

இங்கிலாந்தில் 16 வயதில் கிளப் தரும் இரண்டாண்டுப் பயிற்சி ஒப்பந்தத்தில் படிப்பும் ஒரு பகுதி. வகுப்புக்கு வந்து உட்கார்ந்து, மனத்தை மைதானத்தில் விட்டுவைக்கும் பையன்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு 18 வயதில் முழு ஒப்பந்தம் கிடைப்பதில்லை.

டங்கன் வாட்மோரை 12 வயதிலேயே மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி விடுவித்துவிட்டது. சிறிய கிளப்பில் ஆடிக்கொண்டே படித்தார். 2013இல் சண்டர்லேண்ட் அழைத்தது; படிப்பை நிறுத்தவில்லை. 2015இல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் வணிக மேலாண்மையும் படித்து முதல் வகுப்பில் தேறினார். பின்னர் முழங்காலில் இருமுறை பெரிய காயம் வந்து நெடுங்காலம் ஆடாமல் இருக்க நேர்ந்தது. அகாடமி விடுதியில் மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சி முடிந்து, இரவு வரை வீடியோ விளையாட்டுத் தவிர வேறு வேலை இல்லாத பையனுக்கு இவரைத்தான் காட்டுவேன். நேரம் அவனிடமும் அவ்வளவே இருக்கிறது.