லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

"மார்லினா, வின்செஸ்டரா, ஹென்றியா?" லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (விசையைச் சுற்றியுள்ள லீவரைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது இந்தக் கம்பெனிப் பெயர்களைத்தான். கேள்வியே தலைகீழ். எந்தத் தோட்டா என்று முடிவு செய்யாமல் பெயர்களை ஒப்பிடுவது, கால் அளவு எடுக்காமல் செருப்புக்கு நிறம் பார்க்கிற கதை.

இந்த வகைத் துப்பாக்கியின் உடம்பையே தோட்டாதான் தீர்மானிக்கிறது. .357 மேக்னம், .44 மேக்னம் மாதிரி கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்குச் செய்தவற்றில் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் பொறி) குட்டையாக இருக்கும். .357-இல் உதை குறைவு. நீளக் குழல் என்பதால் அதே தோட்டா கைத்துப்பாக்கியைவிட நொடிக்குச் சில நூறு அடி கூடுதல் வேகத்தில் போகும். .30-30 என்பது 1895-இல் வின்செஸ்டர் 94 ரைஃபிளுக்காக வந்தது. அதன் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். 150, 200 கஜத்துக்குள் மான் வேட்டைக்கு அதற்கு மேல் தேவையில்லை. .45-70 இன்னும் மூத்தது, 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. "பெரிசா இருக்கட்டுமே" என்று இதை வாங்கிவிட்டு, ஒரு பெட்டி சுட்டதும் தோளைத் தடவிக்கொண்டு அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் நிறைய.

.45-70 வாங்குகிறவர்கள் கவனிக்காத இன்னொன்று, ஒரே பெயரில் வெவ்வேறு அழுத்தத்தில் தோட்டாக்கள் விற்பனையில் இருக்கின்றன. இன்றைய மார்லின் 1895 தாங்குகிற வீரியமான தோட்டாவை, 19-ஆம் நூற்றாண்டின் ட்ராப்டோர் என்ற பழைய ராணுவத் துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியும் போகலாம், முகமும் போகலாம். பெட்டியில் எந்தத் துப்பாக்கிக்கு என்று அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். .357 ரைஃபிளில் விலை மலிவான .38 ஸ்பெஷலும் சுடலாம் என்பது உண்மைதான். ஆனால் நீளம் குறைந்த, தட்டை மூக்குத் தோட்டாக்கள் சில ரைஃபிள்களில் சரியாக ஏறாது. எதை அதிகம் சுடப்போகிறீர்களோ அதைப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்பீடு.

டியூப் மேகசினை மறந்துவிட்டுக் குண்டைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு, ஆபத்தானதும்கூட. குழலுக்குக் கீழே உள்ள டியூபில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் ப்ரைமரில் (அடியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் சின்ன மூடி) இடிக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால், உதையின் அதிர்ச்சியில் அந்த ப்ரைமர் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டை அல்லது மழுங்கிய மூக்கு. ஹார்னடியின் லெவரெவல்யூஷன் மாதிரி வளையும் முனை கொண்ட குண்டுகள் இதற்கென்றே வந்தவை. கூர்க்குண்டுதான் வேண்டும் என்றால் சுழல் மேகசின் கொண்ட பழைய சாவேஜ் 99, பெட்டி மேகசின் கொண்ட ப்ரௌனிங் பி.எல்.ஆர். பக்கம் போங்கள். மற்ற லீவர் ரைஃபிள்களோடு அவற்றை ஒரே தட்டில் வைத்து எடை போடுவதில் அர்த்தமில்லை.

பெயரை நம்பி வரலாற்றையும் சேர்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இன்றைய ஹென்றி கம்பெனி 1990களில் ஆரம்பித்தது. 1860-இன் ஹென்றி ரைஃபிளோடு அதற்குப் பெயர்தான் பொது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-இல் மூடியது, இப்போது வரும் வின்செஸ்டர் 94 ஜப்பானில் மிரோகு செய்வது. இரண்டுமே நல்ல துப்பாக்கிகள், அது வேறு விஷயம். மார்லினில் இது இன்னும் முக்கியம். குழலில் ரிசீவருக்கு (பொறி அடங்கிய நடு உடம்பு) பக்கத்தில் 'ஜே.எம்.' என்ற சின்ன முத்திரை இருந்தால் பழைய தயாரிப்பு. ரெமிங்டன் கைக்குப் போன ஆரம்ப வருடங்களில் வந்தவற்றைப் பலர் குறை சொல்வார்கள். 2020-இல் ருகர் வாங்கி, 2021 கடைசியிலிருந்து செய்பவை மூன்றாவது தலைமுறை. ஆனால் முத்திரைக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், ஜே.எம். துப்பாக்கியும் தேயும்.

ஸ்கோப் மாட்டுவதாக இருந்தால் வெற்றுத்தோட்டா எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பாருங்கள். 1980களின் தொடக்கம் வரை வந்த வின்செஸ்டர் 94 மேலே துப்பும், ஸ்கோப்புக்கு நடுவே இடமில்லை. மார்லின் 336-இன் மேல்பக்கம் மூடியிருக்கும், பக்கவாட்டில் துப்பும். ஸ்கோப் வந்தபின் பின்னால் உள்ள ஹேமரை (சுத்தியல்) பிடிக்க விரல் நுழையாது, பக்கவாட்டு நீட்டிப்பு ஒன்று வாங்க வேண்டிவரும்.

இப்போது யாரும் யோசிக்காத விஷயம்: சுடாத தோட்டாக்களை எப்படி வெளியே எடுப்பது? டியூப் நுனியைத் திருகி உள்குழாயை உருவினால் மொத்தமும் கொட்டிவிடும், ஹென்றியின் வசதி அது. தோட்டா நுழைக்கப் பக்கவாட்டுக் கதவு (பக்கவாயில்) மட்டும் உள்ளவற்றில் லீவரை அடித்து ஒவ்வொன்றாக ஆக்‌ஷன் வழியே வெளியேற்ற வேண்டும், அதுவும் உயிருள்ள தோட்டா. வேட்டை முடிந்து களைத்துப்போய், குளிரில் விறைத்த விரல்களோடு இதைச் செய்யும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். மாறாக, இரண்டு தோட்டா சுட்டபின் இரண்டு சேர்க்க வேண்டுமென்றால் பக்கவாயில்தான் சுலபம். ஹென்றியிலும் பிந்தைய மாடல்கள் பலவற்றில் இரண்டுமே உண்டு. என்னைக் கேட்டால், இரண்டும் இருப்பதுக்கே ஓட்டு.

கடையில் கையில் எடுக்கும்போது காலி என்று நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்டு, அனுமதி கேட்டு, லீவரை முழு வேகத்தில் கடைசிவரை தள்ளி இழுங்கள். பொம்மை மாதிரி மெதுவாக ஆட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாதியில் திருப்புகிற பழக்கம்தான் பல 'ஜாம்'களுக்குக் காரணம். லீவர் வளையத்துக்குள் கையுறையோடு விரல் போகிறதா? வளைந்த இரும்பு அடித்தகடு படத்தில் அழகு, .45-70-இல் தோளுக்கு வினை. பித்தளை ரிசீவர் ஹென்றி பிக் பாய் கிட்டத்தட்ட 3.9 கிலோ, .30-30 வின்செஸ்டர் 94 மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நாள் முழுக்கத் தூக்கி நடக்கும்போது அந்த முக்கால் கிலோ சும்மா இல்லை.

பழையது வாங்கினால் திருகுகளின் தலையை முதலில் பாருங்கள். நான் ஒருமுறை மரக்கட்டையின் பளபளப்பில் மயங்கி அதைப் பார்க்கவில்லை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் யாரோ குடைந்து வைத்திருந்தார்கள், உள்ளே ஒரு ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தார்கள். தோட்டா நிமிர்ந்து நின்றுகொண்டு ஏறவே மறுத்தது. பழுது பார்த்த செலவில் லாபமாக நினைத்த பணம் போயே போச்சு. குழல்வாயின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வின்செஸ்டர் 94 போன்றவற்றை வாய்ப்பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய முடியும், அலட்சியமாகக் கம்பி விட்டால் அந்த விளிம்பு தேய்ந்து குறி சிதறும். மார்லின் 336-இல் ஒரு திருகைக் கழற்றினால் லீவரும், குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டும் கையோடு வரும், பின்பக்கமிருந்தே துடைக்கலாம்.

லைசென்ஸும் மேகசின் வரம்பும் ஊருக்கு ஊர் மாறும், முன்பணம் கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள். அப்புறம், ரேஞ்சில் யாராவது அதே மாடல் வைத்திருந்தால் தோட்டாவை நீங்கள் வாங்கிக்கொடுத்து இருபது ரவுண்டு கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.