பல் கூச்சம் மூளையை அடையும் வழி: வரைந்து பழகும் பாடம்

ஐஸ்பழத்தைக் கடித்தால் பல் ஏன் கூசுகிறது என்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், "நரம்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த நரம்பின் வழியை ஒருமுறை கையால் வரைந்துவிட்டால் பிறகு மறக்காது. 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த யாழ்ப்பாணத்து மானிப்பாய் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் படிக்கத் தயங்க வேண்டாம்.

ஒரு தாளும் சிவப்பு, நீலப் பேனைகளும் எடுங்கள். பக்கவாட்டு முகம் ஒன்றை வரைந்து, கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பெரிதாகவும், மேல்தாடையில் ஒன்றைச் சிறிதாகவும் காட்டுங்கள்.

படி 1: பல்லுக்குள் மூன்று பகுதிகளை வரையுங்கள். வெளியே எனாமல், அதில் நரம்பே இல்லை. அடுத்தது டென்டைன். நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். டென்டைனில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள் உண்டு. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டாலோ, குளிர் பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது. அந்த அசைவு உள்ளே இருக்கும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. கூச்சத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான்.

படி 2: பற்கூழிலிருந்து இரண்டு கோடுகள் இழுங்கள். சிவப்பு, ஏ-டெல்டா இழை. மயலின் என்னும் கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை கொண்டது; வினாடிக்கு ஏறக்குறைய 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் செய்தியைக் கொண்டுபோகும். சுளீரென்று வந்து மறையும் வலி இதனுடையது. நீலம், சி இழை. உறை இல்லாதது; வினாடிக்கு 2 மீற்றருக்கும் குறைவு. பற்கூழ் அழற்சியடைந்தால் விண்விண்ணென்று நின்று வலிப்பது இதனால். இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் இருத்துங்கள். குளிர் நீங்கிய பிறகும் வலி தங்கினாலோ, சூடான தேநீர் பட்டதும் வலித்தாலோ, கராம்பு எண்ணெய் வைத்து நாட்களைக் கடத்தாதீர்கள். கராம்பிலுள்ள யூஜினால் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் கட்டணமின்றிக் காட்டலாம்.

படி 3: இரண்டு கோடுகளையும் தாடை எலும்புக்குள் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். கீழ்ப்பற்களின் இழைகள் கீழ்த்தாடை நரம்பில் சேர்கின்றன. அதே நரம்பின் ஒரு கிளை முன்பக்கம் எலும்பிலிருந்து வெளிவந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகிறது. கீழ்ப்பல்லுக்கு விறைப்பூசி போட்டால் உதடும் சேர்ந்து விறைப்பது இதனால்தான். ஊசியிலுள்ள லிக்னோகெயின், நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுகிறது. சோடியம் உள்ளே புகாவிட்டால் மின்துடிப்பு நகர முடியாது.

படி 4: காதுக்கு முன்னால், மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு முடிச்சு போடுங்கள். ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பின் திரட்டு, அதாவது நரம்பணு உடல்கள் கூடிய முடிச்சு அது. வலியைச் சுமக்கும் இழைகளின் உயிரணு உடல்கள் இங்கே உள்ளன. மேற்பற்களின் கோடு இரண்டாம் கிளை வழியாகவும், கீழ்ப்பற்களின் கோடு மூன்றாம் கிளை வழியாகவும் வந்து சேரும்.

படி 5: முடிச்சிலிருந்து மூளைத்தண்டுக்குப் போங்கள். அங்கே வலியிழைகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம் நோக்கி இறங்கி, அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அது மறுபக்கம் கடந்து, உணர்வுச் செய்திகளை மேலே அனுப்பும் மூளைப் பகுதியான தலமஸுக்கு ஏறுகிறது. அங்கிருந்து பெருமூளைப் புறணிக்கு. வலப்பல்லின் வலியை முக்கியமாக உணர்வது இடப்பக்க மூளை.

படி 6: மூளைத்தண்டில் மேற்பல், கீழ்ப்பல் கோடுகளை ஒரே நரம்பணுவில் முட்டவிடுங்கள். பல பற்களின் இழைகள் இப்படிக் கூடுவதால்தான் கீழே சொத்தை இருக்க, நோயாளி மேற்பல்லைக் காட்டுகிறார். காதுவலி என்று வருபவர்களும் உண்டு. ஆனால் வலி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கப் பல்லில் தோன்றுவது அரிது.

சோற்றில் கல் கடிபட்டால் உணர்வது வேறு வழி. பல்லையும் எலும்பையும் பிணைக்கும் தசைநாரில் அழுத்தத்தை அறியும் முனைகள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியின் உயிரணு உடல்கள் திரட்டில் இல்லை. நடுமூளை வரை நீளும் ஓர் உட்கருவில் (நரம்பணுக் கூட்டத்தில்), மூளைக்குள்ளேயே அமைந்துள்ளன. அதை உங்கள் படத்தில் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.