கயாக்கில் பாஸ் மீன் போட்டியா? முதலில் பலகையை நனையுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள லேக் ஃபோர்க் ஏரியில், கயாக் என்ற சிறு துடுப்புப் படகிலிருந்து பாஸ் மீன் பிடிக்கும் போட்டிக்கு முதல்முறை போகிறீர்களா? தூண்டில், புழு பற்றி நிறையப் பேர் சொல்லித் தருவார்கள். நான் அளவுப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன்.

கயாக் போட்டிகளில் பெரும்பாலும் எடை கிடையாது, நீளம்தான். பிடித்து, பலகையில் வைத்துப் படமெடுத்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். மிக நீளமான 5 மீன்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு.

மீன் அருகே வந்ததும் வலையில் வாங்குங்கள், மேலே தூக்காதீர்கள். வலை தண்ணீரிலேயே கிடக்கட்டும். பலகையை மடியில் குறுக்கே வைத்துத் தண்ணீர் அள்ளி ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த பலகை தோசைக்கல் மாதிரி சுடும், மீனின் வழவழப்பும் உரிந்துவிடும். பாவம், அது உயிரோடு திரும்ப வேண்டும். போட்டிக்காரர்கள் தந்த அன்றைய அடையாள அட்டை படத்தில் விழுமா, கேமரா திறந்திருக்கிறதா, பாருங்கள். அப்புறம் மீனை எடுங்கள். தலை இடப்பக்கம், மூடிய வாய் பலகையின் முனைத் தடுப்பில் முட்ட வேண்டும். வாய் நூலளவு திறந்திருந்ததால் என் 20 அங்குல மீனுக்கு ஒருமுறை அளவைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

படம் தெளிவா என்று பார்த்த பிறகே விடுங்கள். தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்தால் வாலை அடித்துத் தானே போகும்.

பலகையைக் கயாக்கோடு கயிற்றால் கட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. இந்த ஏரியில் நீருக்கடியில் பட்ட மரங்கள் ஏராளம்.