மழைக்கு முன்: கொழும்பில் இளைஞர்களுக்கான இரவுத் தங்குமிடத்தைப் பெரிதாக்குவது எப்படி

லண்டனிலும் நியூயோர்க்கிலும் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கும் என்று அறிவிப்பு வந்தால், தெருவில் படுக்கிறவர்களுக்கு அன்றிரவே மேலதிக இடம் திறந்துவிடுகிறார்கள். கொழும்பில் உறைபனி கிடையாது. நடைபாதையில் படுத்திருக்கும் பொடியனை இங்கே எழுப்பிவிடுவது மழைதான். மே மாதத்தில் ஒரு தரம், ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு தரம் கொட்டித் தீர்க்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் ஒரு சிறிய தங்குமிடம் நடத்துகிறோம். அதை மழை மாதங்களில் இரண்டு மடங்காக்கும் வேலை என் பொறுப்பு. உங்கள் பகுதியிலும் அப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால் இதைப் படியுங்கள்.

வருகிறவர்கள் யார் என்று தெரியாமல் இடம் பார்க்கப் போகாதீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். கடை மாடியிலேயே படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. வேலை போனால் அதே நாளில் படுக்கையும் போய்விடும். ஊருக்குத் திரும்ப வெட்கம், அறை எடுக்க முற்பணம் இல்லை. மிச்சப் பேர் வீட்டில் சண்டை பிடித்து வந்தவர்கள், சிறுவர் இல்லத்தில் வளர்ந்து 18 ஆனதும் வெளியே வந்தவர்கள். இவர்களில் பலர் வேலை செய்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பேலியகொட மெனிங் சந்தையில் மரக்கறி லொறி இறக்கிவிட்டு இரவு இரண்டு மணிக்குத்தான் ஒருவன் வருவான். ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டினால், உழைக்கிற பிள்ளைகளைத்தான் மழையில் விடுகிறோம்.

ஆகவே முதலில் தேட வேண்டியது இராக்காவலுக்கு ஆள். பாய், தலையணை எல்லாம் ஒரு பின்னேரத்தில் செட்டியார் தெருப் பக்கம் போய் வாங்கிவிடலாம். இரவில் எந்த நேரமும் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும்: எட்டிலிருந்து ஒரு மணி வரை ஒரு சோடி, ஒன்றிலிருந்து ஆறு வரை இன்னொரு சோடி. ஒருவர் கதவில், மற்றவர் உள்ளே. இரவில் தனி ஆளை ஒரு நாளும் விடாதீர்கள். பல்கலைக்கழக மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆரம்பத்தில் ஆசையாக வருவார்கள், பரீட்சை வந்தால் மாணவர்கள் காணாமல் போவார்கள். இரண்டாவது சோடிக்காவது சம்பளம் கொடுங்கள். நன்கொடைக்காரர்கள் பாய்க்குப் பணம் தருவார்கள், காவலுக்குத் தர யோசிப்பார்கள். நான் பட்டியலில் காவலை முதல் வரியில் போட்டு, ‘இது இல்லாவிட்டால் பாயும் வேண்டாம்’ என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

சரி, இடம். எல்லோரும் முதலில் கோவில் மண்டபத்தைத்தான் சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆனால் நவராத்திரியும் கந்தசஷ்டியும் வருவது நமக்கு இடம் தேவைப்படும் அதே மாதங்களில். என் தெரிவு டியூஷன் வகுப்புக் கட்டடம். இரவு எட்டுக்குப் பிறகு காலி, மின்விசிறி இருக்கிறது, கழிவறை இருக்கிறது, பெரும்பாலும் மேல்மாடியும் இருக்கிறது. வாங்கு மேசைகளைச் சுவரோரம் அடுக்கி, காலையில் பழையபடி போட்டுக்கொடுத்தால் உரிமையாளருக்கு முறைப்பாடு இல்லை. எழுத்தில் ஒரு உடன்படிக்கை மட்டும் செய்யுங்கள், எந்தத் திகதியில் முடியும் என்பது அதில் இருக்கட்டும்.

எத்தனை பேர் கொள்ளும்? அனர்த்த நிவாரணத்தில் பாவிக்கும் ஸ்பியர் நியமப்படி ஆளுக்கு 3.5 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி. 40 அடிக்கு 20 அடி அறை என்றால் 21 பேர். கழிவறை 20 பேருக்கு ஒன்று. ‘இன்னும் பத்துப் பேரை நெருக்கிப் போடலாமே’ என்று நல்ல மனது உள்ள ஒருவர் நிச்சயம் சொல்வார். நெருக்கினால் முதலில் வருவது சிரங்கு, பிறகு சண்டை. ஆள் கூடினால் இரண்டாவது அறை தேடுங்கள்.

மேலதிக அறையை எப்போது திறப்பது என்பதை அன்றன்று மனத்துக்குத் தோன்றியபடி முடிவு செய்யக் கூடாது. நாங்கள் இரண்டு அடையாளம் வைத்திருக்கிறோம்: மேல் மாகாணத்துக்கு 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்தால் ஒன்று, களனி கங்கை நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் 4 அடியைத் தொட்டால் மற்றது. 5 அடியில் சிறு வெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம் என்பது கணக்கு. ஆறு ஏறினால் கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்துக் குடும்பங்கள் பாடசாலைகளுக்குப் போகும். அங்கே நிவாரணப் பட்டியல் கிராம சேவகர் வழியாக, வீட்டு இலக்கப்படி. வீட்டு இலக்கமே இல்லாதவன் அந்தப் பட்டியலில் எங்கே நிற்பான்? அவன் நம்மிடம்தான் வருவான்.

18 வயதுக்குக் குறைந்தவர் வந்தால் கதை வேறு. மழையில் திருப்பி அனுப்பாதீர்கள், ரகசியமாக வைத்திருக்கவும் கூடாது. அப்போதே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் புத்தகத்தில் எழுதுங்கள். யார் விழித்திருந்து பார்த்துக்கொண்டார் என்பதும் அதில் இருக்க வேண்டும். இளம் பெண்கள் வந்தால் அதே மண்டபத்தில் திரை கட்டிப் படுக்கவைக்கும் யோசனையை விடுங்கள். தனிக் கட்டடம், பெண் காவலர், தனிக் கழிவறை இல்லாவிட்டால் 1938 பெண்கள் உதவி இலக்கத்துடன் பேசி வேறு இடம் ஒழுங்கு செய்வதே நல்லது. திறக்க முன் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்திட்ட பிரதியைக் கதவருகே வையுங்கள். இந்தப் பொடியன்களுக்கு 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டத்தின் பெயரில் பிடிபட்ட அனுபவம் உண்டு. பொலிஸ் என்றாலே ஓடுவார்கள்.

வாசலில் அடையாள அட்டை கேட்காதீர்கள். பெயர், வயது, ஊர் போதும். அட்டை தொலைந்திருந்தால் பிறகு பொலிஸ் முறைப்பாடு, பிறப்புச் சான்றிதழ் பிரதி என்று ஒவ்வொன்றாகச் செய்யலாம். குடித்துவிட்டு வந்தவன் அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும், உள்ளே எதுவும் பாவிக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. பத்து விதி எழுதி ஒட்டினால் பத்தும் மீறப்படும்.

உள்ளே வந்தவன் முதலில் கேட்பது சோறு இல்லை. “அன்டி, போன் சார்ஜ் போட இடமிருக்கா?” நாளைய கூலி வேலை அந்தப் போனில்தான் வரும். எங்களிடம் ஒரு நீளப் பலகையில் பிளக் பொயின்ட் அடித்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், அதே இலக்கம் எழுதிய தகரத் துண்டு அவன் கையில். பலகை காவலரின் மேசைக்குப் பின்னால். பைகளுக்கும் அதே இலக்கம், பூட்டுள்ள அலுமாரி. இது இல்லாதபோது பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பாதி இரவு முழித்திருப்பார்கள்.

ஈரத் துணிக்கு வராந்தாவில் நைலோன் கயிறு, வந்தவுடன் மாற்ற ஒரு சாரம், ஒரு பெனியன். பன் பாய் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பிளாஸ்டிக் பாய் வாங்கிக் காலையில் கழுவிப் போடுங்கள். நுளம்பு வலை கட்டாயம், டெங்குக் காலமும் இதுதான். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி இழுத்தால் வலை கட்ட ஆணி அடிக்கத் தேவையில்லை. வெள்ளத்தில் நடந்து வந்தவனுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சாப்பாடு சுலபம்: பாண், பருப்பு, சம்பல், இஞ்சி போட்ட பிளேன்டீ. பேக்கரிக்காரர் மிச்சத்தைத் தந்தால் பாணும் பனிஸும் வாங்குங்கள், மீன் பட்டிஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மழை விட்டதும் மேலதிக அறையை மூட வேண்டும். கடைசி இரவு எது என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே சுவரில் எழுதுங்கள். அந்த வாரத்தில் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து அடுத்து எங்கே என்று பேசுங்கள்: ஊருக்கா, நண்பனோடு பங்கு அறைக்கா, வேறு கடைக்கா. படுக்கை முடிந்தாலும் பை வைக்கும் அலுமாரியும் சார்ஜ் பலகையும் பின்னேரங்களில் திறந்திருக்கட்டும், அதற்குக் காவலர் ஒருவர் போதும்.