நாய் வாங்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

படி 1: மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு நடங்கள்

அக்னி நட்சத்திர நாளில் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் செருப்பில்லாமல் ஒரு சுற்று வந்து பாருங்கள். எந்த இடத்தில் கால் சுடவில்லையோ அதுதான் நாயின் இடம். அப்படி ஓர் இடமே இல்லை, மாடியில் தகரக் கொட்டகை மட்டும்தான் இருக்கிறது என்றால் முதலில் நிழலுக்கு ஏற்பாடு செய்யுங்கள், நாயைப் பிறகு பார்க்கலாம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், ஆற்றுப் பாசன ஊர்களிலும் புழுக்கம் குறைவில்லை. ஈரக் காற்றில் நாக்கின் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது, அதனால் நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது.

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் ஒரு பக் இருந்தது, தட்டை மூக்கு நாய். ஒரு மே மாதம் மின்சாரம் போன மதியம், ரேழியின் சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டு குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. சாதாரணத் தண்ணீரால் வயிறு, பாதம், தொடை இடுக்கு எல்லாவற்றையும் நனைத்து, விசிறிக்கொண்டே ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது. அந்த நாக்கின் நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களும், பனிப்பிரதேசத்து ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டும் நம் ஊருக்கு வேண்டாம். ஏசி இருக்கிறதே என்பீர்கள், மின்சாரம் போனால்?

படி 2: வீட்டில் யார், எத்தனை மணி நேரம்?

ஒரு தாளில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை எழுதி, எந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும், விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு தரமாவது வெளியே தூக்கிப்போய் விட வேண்டும். கணவன் மனைவி இருவரும் காலையில் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபிறகு திரும்புகிறீர்கள் என்றால் குட்டி வாங்குவது அதற்குச் செய்யும் பாவம். வளர்ந்த நாயாக எடுங்கள், அதுவும் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் மட்டும்.

படி 3: ஐப்பசி மழையையும் கணக்கில் சேருங்கள்

வெயிலை யோசிக்கிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். அடைமழையில் நீள முடி நாய் நாள் கணக்கில் காயாது, தோலில் புண் வரும். வயல்வரப்பு, வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டிவந்தால் விரலிடுக்கிலும் காது மடிப்புக்குள்ளும் உண்ணி ஏறியிருக்கும், தினமும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றும், அதற்கான தடுப்பூசியை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். குட்டை முடி நாய் என்றால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

படி 4: இனிமேல்தான் இனம்

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு லாப்ரடார் நல்ல குணம்தான். ஆனால் 30 கிலோவைத் தாண்டியும் வளரும், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை கட்டாயம். இல்லையென்றால் சதை போட்டு இடுப்பு மூட்டு கெடும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கத்து அடுக்ககத்தில் இருக்கிறவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். நாம் பொமரேனியன் என்று கூப்பிடுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். முடி இருந்தாலும் நம் வெயிலுக்குப் பழகியது, சின்ன வீட்டுக்கும் வயதானவர்களுக்கும் ஒத்துவரும். குரைக்கும், நிறையவே குரைக்கும், ஆகவே சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் தமிழ்நாட்டு வேட்டை நாய்கள். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால் தலையில்கூட ராஜபாளையம் இடம்பெற்றது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் பெருமைக்காக வாங்கிச் சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள், ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. சுற்றுச்சுவர் வைத்த தோப்போ களமோ இருந்தால் வாங்குங்கள். கோழி, ஆட்டுக்குட்டி இருந்தால் துரத்தும், குட்டியிலிருந்தே பழக்க வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டுங்கள், உடன்பிறப்புகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டுங்கள், இல்லையென்றால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். இரண்டு மூன்று முறை தட்டியும் காது மடல் அசையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

சரி, எனக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறேன். டெல்டாவில் முதல் நாய் வளர்க்கிறவர்களுக்கு நாட்டு நாய்தான். இந்த வெயில், இந்தப் புழுக்கம், இந்த மழை மூன்றிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உடம்பு, குட்டை முடி, ஆள் அரவம் கேட்டால் எழுந்துவிடும். தெருவில் ஆண் குட்டியை யாராவது தூக்கிப்போய்விடுகிறார்கள், பெண் குட்டிதான் வைக்கோல்போர் அடியில் தனியாகக் கிடக்கிறது. அதை எடுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் குட்டி போடுமே என்ற கவலையும் தீர்ந்தது. தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

படி 5: குட்டியைத் தூக்கும் முன்

எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி ஈரமாக இருந்தால் வயிற்றுப்போக்கு. பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும், வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் வருடாவருடம்.

கிளம்பும்போது, தாயோடு குட்டி படுத்திருந்த சாக்கையோ துணியையோ ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ராத்திரி அழும். துவைக்காமல் அதை அப்படியே படுக்கையில் போட்டுவிட்டு, நீங்களும் பக்கத்தில் பாய் விரித்துப் படுங்கள்.